பாட்டில் பனையின் குருத்து

கத்தரிக்குத் தொழில் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. முடிதிருத்தும் கடை வைத்திருந்தவனுக்குத் தெருவே சூட்டிய பெயர் அது. வெட்டினால் வளரும், இன்னும் அடர்த்தியாக வளரும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த உலகம். அந்தத் தைரியத்தில்தான் அக்காவின் பாட்டில் பனையில் போய்க் கை வைத்தான்.

அக்காவுக்குப் பக்கத்திலேயே தையல் கடை. இரண்டு வாசலுக்கும் நடுவே பெரிய தொட்டியில் நின்றது பனை. அடி பருத்து, கழுத்து மெலிந்து, அச்சு அசல் பாட்டில். விதையிலிருந்து அவளே வளர்த்தது. லேசில் வளருகிற ஜாதியும் இல்லை. எப்போது பார்த்தாலும் நாலைந்து மட்டைதான். ஒரு குருத்து விரிய மாதக்கணக்காகும். புதுக் குருத்து தலைகாட்டிவிட்டால், ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்களைக்கூட விடாமல் இழுத்து வந்து காட்டுவாள்.

அவள் பட்டன் வாங்கப் போயிருந்த ஒரு மதியம், விரியாத குருத்து தன் கடைப் பலகையை மறைப்பதாகக் கத்தரிக்குப் பட்டது. நறுக்கினான். மிச்சம் மொட்டையாகத் துருத்திக்கொண்டு நின்றது. சரிசெய்கிறேன் பேர்வழி என்று கத்தியை உள்ளே விட்டு, வெள்ளையாக இருந்த இளசு வரை தோண்டி எடுத்துவிட்டான்.

மறுநாள் செடி நர்சரிக்காரர் சவரத்துக்கு வந்தார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்ணே, பாட்டில் பனை உச்சிய வெட்டினா கிளை விடுமா?"

"கிளையா? அதுக்கு உயிரே அந்த உச்சிதாம்பா. அது போச்சுன்னா ஆள் காலி. மட்டை மட்டும் கொஞ்ச நாள் பச்சையா நின்னு ஏமாத்தும்."

கத்தரியின் கையிலிருந்து கத்தி நழுவிச் சோப்புக் கிண்ணத்தில் விழுந்தது. நல்லவேளை, அப்போது அது அவர் கழுத்தில் இல்லை.

உச்சியில் இருந்த குழியைப் பார்த்த அக்கா பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். "வண்டு குடைஞ்சிருக்குடா. தீபாராதனை காட்டற மாதிரி தினம் சுத்திச் சுத்தி வந்தேன், உச்சியப் பாக்காம விட்டுட்டேனே!" மட்டைகள் பச்சையாக இருந்ததால் நம்பிக்கையும் விடவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள், எட்டி எட்டி உச்சியைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கத்தரி கடைக்குள் போய், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான்.

மட்டைகளும் பழுக்க ஆரம்பித்த ஒரு நாள், தையல் மெஷினில் தலை சாய்த்து அவள் அழுதுகொண்டிருந்தாள். அவனால் தாங்க முடியவில்லை.

"அக்கா, வண்டு இல்லக்கா. நான்தான் வெட்டினேன்."

அவள் நிமிர்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"போடா லூசு. சின்ன வயசுல நான் அப்பா ரேடியோவ உடைச்சப்பவும் இப்படித்தான் நீ பழிய ஏத்துக்கிட்டு அடி வாங்கினே. என் மேல உனக்கு இருக்கற பாசம் யாருக்கு வரும்?"

எந்தக் கத்தியால் வெட்டினான், குருத்தை எங்கே வீசினான் என்று இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நம்பியிருப்பாள். வாய் வரை வந்தது. அவள் அவன் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள்.

அவன் பேசாமல் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.