எண்ணெய் குடித்த எழுத்து

மீனாட்சிபுரத்துப் பாறைக்குழியில் விடிவதற்கு முன்பே சம்மட்டி விழத் தொடங்கிவிடும். வெயில் ஏறினால் கல் சுடும். அதன்மேல் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. சுப்பாத்தாள் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். மூக்கிலும் வாயிலும் கல்தூள். மனம் மட்டும் மேற்கே நின்ற பெரிய பாறையில் இருந்தது.

அந்தப் பாறையில் ஒரு காளை, அதன் கொம்பைப் பிடித்து நிற்கும் ஒரு மனிதன், காலடியில் வரிவரியாக எழுத்துகள். யார் வெட்டியது, எந்தக் காலத்தது என்று எவருக்கும் தெரியாது. கல்லுடைக்கிறவர்களுக்கு அந்த மனிதன் அப்பிச்சி, தங்களைக் காக்கும் தாத்தா. பாறைக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய குடிசைகள். இந்தப் பக்கத்துக் கல் தீர்ந்துபோனதால், பாறைக்கு வெடி வைக்கப்போவதாகவும் குடிசைகளைக் காலி செய்ய வேண்டுமென்றும் முதலாளி செங்கோட்டையன் சொல்லிவிட்டார். எழுத்து இருப்பதாகத் தொல்பொருள் இலாகா ஒப்புக்கொண்டால் வெடி வைக்க முடியாது. சித்தூருக்கு நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடி, கல்லெழுத்தைத் தாளில் படியெடுக்கிற ஒருவரை வரவழைத்திருந்தார்கள்.

வந்தவர் கல்பாத்தி வெங்கிடேஸ்வரன். இலாகாவில் அவரும் தினக்கூலிதான். ஈரத்தாளைப் பாறையில் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குவார். மேலே மை ஒற்றினால் பள்ளம் வெள்ளையாகத் தெரிய வேண்டும். நேற்று முழுக்க மாரடித்தும் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. தாள் வழுக்கியது. வழுக்காத தாளைக் கணவாய்க் காற்று பிய்த்துக்கொண்டு போனது.

"பள்ளமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்குன்னா அடைச்சிண்டு கிடக்கு! தாள் எப்படி ஒட்டும்?" என்றார் அவர், காலையில் வந்ததும். "இன்னிக்கு மத்தியான பஸ்ஸுக்கு நான் போயாகணும். படி இல்லேன்னா, எழுத்தே இல்லேன்னு எழுதிடுவா."

சுப்பாத்தாளின் சம்மட்டி பாதியில் நின்றது. அந்த எண்ணெய் அவர்கள் பூசியது. ஒவ்வொரு வெடிக்கு முன்பும், கல் யார் மேலும் விழக்கூடாது என்று அப்பிச்சிக்கு விளக்கெண்ணெய் தேய்ப்பது வழக்கம். ஈரத்திரியால் வெடி தாமதித்து, அவள் தம்பி அப்புசாமியின் இரண்டு விரல்கள் போன பிறகு எண்ணெயை இன்னும் கூடுதலாகத் தேய்த்தார்கள். நல்ல திரி வாங்கிக் கொடு என்று முதலாளியைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எண்ணெ தேச்சது நாம. தலை முழுகவும் நாமதான் வைக்கோணும்," என்று சம்மட்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

குடிசைக்குக் குடிசை எண்ணெய் போக்கும் அரப்புப் பொடி வந்தது. குடம்குடமாக வெந்நீர் வந்தது. பெண்கள் தலைக்குத் தேய்ப்பதுபோல் எழுத்துகளைத் தேய்த்தார்கள். கறுப்புக் குழம்பாக வழிந்தது. மறுபடி தேய்த்தார்கள், மறுபடி வழிந்தது. சனியன் பிடித்த எண்ணெய்!

செங்கோட்டையன் வந்து நின்றார்.

"ஏம்புள்ள, கல்லைக் குளிப்பாட்டி வுடறதுக்கா நான் கூலி குடுக்கறேன்?"

"கூலி நீங்கதானுங்க குடுக்கறீங்க. கல்லு மேல உழுந்தா மட்டும் அப்பிச்சி பாத்துக்குவான்னு சொல்றீங்க," என்றாள் சுப்பாத்தாள்.

"வாய் நீளுது. வெடிக்குக் குழி அடிக்கறவன் வா. வராதவன் நாளைக்கு இந்தப் பக்கமே வரக்கூடாது."

"எங்கீங்க போறது? ஊடு இங்கதான இருக்குது," என்றான் அப்புசாமி.

இரண்டு பேர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கடப்பாரை எடுத்துப் போனார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள். அவர்கள் மேல் வந்த ஆத்திரத்தைச் சுப்பாத்தாள் பாறையில் தேய்த்துத் தீர்த்தாள்.

பிசுக்கு விட்டது. வெங்கிடேஸ்வரன் தாளை ஒட்டி அடித்தார், ஒட்டியது. ஓரத்தில் மை ஒற்றுவதற்குள் காற்று அடியில் புகுந்து உரித்தெடுத்தது. "போச்சு!" என்று தூரிகையை வீசி எறிந்தார். கையில் இன்னும் கொஞ்சம் தாள்தான் இருந்தது.

சுப்பாத்தாள் தூரிகையை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். காற்றுக்கு முதுகைக் கொடுத்துப் பாறையோரம் நின்றாள். பக்கத்தில் அப்புசாமி வந்து ஒட்டி நின்றான். ஒவ்வொருவராக வந்து, தோளோடு தோள் நெருக்கிப் பாறையைச் சுற்றி அடைத்தார்கள். கடைசியில் ஓர் இடைவெளி. ஆள் போதவில்லை. அந்த வழியாகக் காற்று புகுந்து தாளின் ஓரத்தைத் தூக்கியது.

குழி அடிக்கும் சத்தம் நின்றது. போன இருவரும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு வந்தார்கள். யாரையும் பார்க்காமல் அந்த இடைவெளியில் நின்றுகொண்டார்கள்.

"போலீசோட வாறேன்! அல்லாரையும் உள்ள தள்றேன்!" என்று கத்திக்கொண்டே செங்கோட்டையன் போனார். வந்தாலும் வருவார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மை ஒற்ற ஒற்றக் கறுப்பில் ஒரு வெள்ளை வளைவு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னும் ஒன்பது வரி பாக்கி. ரோட்டில் மத்தியான பஸ் ஹாரன் அடித்தது.

"பஸ்ஸுங்க," என்றாள் சுப்பாத்தாள்.

"போறது, போகட்டும்," என்று வெங்கிடேஸ்வரன் அடுத்த தாளை நனைத்தார். "நீங்க யாரும் நகந்துடாதேங்கோ."

"நாங்க எங்கீங்க நகர்றது?" என்றாள் அவள்.