சட்டைப் பையில் கால் பன்னு

பேக்கரிக்காரர் சுடும் பன்னு அவ்வளவு மெது. ஒருமுறை சன்னலோரம் ஆற வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு பன்னு காற்றில் எழும்பி, எதிர்வீட்டு மாடிக்குப் போய், அங்கே படுத்திருந்தவர் தலைக்கடியில் தலையணையாகச் சேர்ந்துகொண்டதாம். சொன்னவர் பேக்கரிக்காரரேதான் என்பதால் தெருவில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்ட பன்னால்தான் அவர் மானமும் பறந்தது.

அவர் குடியிருந்தது மாடியில். கீழே அவருடைய அக்கா, தையல்காரி. புருஷன் போன பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை என்று ஐந்து பெருவாத்துக் குஞ்சுகளை வாங்கி வந்தாள். அதன் பிறகு வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. கொல்லையில் இருந்த இளம்புல்லைத் தையல் கத்தரியாலேயே நகத்தளவுக்கு நறுக்கிப் போடுவாள். ஒரு வேளை கீரை, ஒரு வேளை முட்டைக்கோஸ் இலை, மறுநாள் நசுக்கிய பட்டாணி. கூடவே குஞ்சுத் தீவனம் ஒரு பிடி, பல்லில்லாத வாயர்களுக்கு இரை செரிக்கப் பொடி மணல், மூக்கு முங்குகிற ஆழத்துக்குத் தண்ணீர். ஒரே சாப்பாட்டை இரண்டு நாள் தொடர்ந்து வைத்ததில்லை.

"எம் புருஷனுக்கு இப்படிப் பாத்துப் பாத்துப் போட்டிருந்தா மனுஷன் இன்னும் உக்காந்து தின்னுக்கிட்டிருப்பாரு" என்பாள்.

தம்பிக்கு அவள் போட்ட கட்டளை ஒன்றுதான். ரொட்டி, பன்னு, பிஸ்கட் எதையும் குஞ்சுகள் கண்ணில் காட்டக் கூடாது. அது வயிற்றை நிரப்பும், உடம்பைக் கெடுக்கும். அவரும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு என்றைக்கும் கஞ்சத்தனம் கிடையாது.

ஆனால் குஞ்சுகள் அக்காவின் பின்னாலேயே ரயில்பெட்டி மாதிரி வரிசை கட்டின. அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தால் மிதிக்கிற காலைச் சுற்றி உட்கார்ந்தன. இவர் வேலை முடிந்து வந்தால் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஊரையே கடை வாசலில் வரிசையில் நிற்க வைக்கிற மனிதரை, கட்டைவிரல் அளவுக் கழுத்துக்காரர்கள் ஐந்து பேர் மதிக்கவில்லை. ஒரு நாள் அக்கா துணி கொடுக்கப் போயிருந்த நேரத்தில், பையிலிருந்து ஒரு துண்டு பன்னைப் பிய்த்துப் போட்டார். ஒரு துண்டில் என்ன ஆகிவிடும்?

ஆனது என்னவென்றால், மறுநாள் அவர் படியேறும் சத்தம் கேட்டதும் ஐந்தும் விழுந்தடித்து ஓடி வந்தன. கல்யாணமே ஆகாத மனிதர். வாழ்நாளில் தம்மைப் பார்த்து ஓடி வந்த முதல் கூட்டம் அது. மனம் இளகிவிட்டது. துண்டு பாதியாகி, பாதி முழுசாகி, புல் அப்படியே கிடந்தது. குஞ்சுகள் மளமளவென்று பெருத்தன. பார்த்தவர்கள் எல்லாம் மூக்கில் விரல் வைத்தார்கள். அக்கா பெருமையை, தினம் தெருவுக்கு வண்டி தள்ளி வரும் கீரைக்காரரோடு பங்கு போட்டுக்கொண்டாள்.

பிறகுதான் கடைக்குட்டியின் ஒரு சிறகு நுனி வெளிப்பக்கம் திரும்பியது. உள்ளே வெளியே மாற்றித் தைத்த சட்டைக் கை மாதிரி நின்றது. அக்கா மடக்கி வைப்பாள், அது நீட்டிக்கொள்ளும். பன்னின் வேலைதான் என்று பேக்கரிக்காரருக்குப் புரிந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நாளை வந்தது; மறுநாள் இன்னும் நல்ல நாளாகத் தெரிந்தது.

அதற்குள் அக்கா குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டாள். கீரைக்காரரின் வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி, மருந்தடித்த கீரையைக் கொடுத்துப் பச்சைப் பிள்ளையைக் கெடுத்துவிட்டதாகப் பிடித்துக்கொண்டாள். கீரைக்கட்டைக் கையில் எடுத்த பெண்கள் மெதுவாகத் திரும்ப வைத்தார்கள். கீரைக்காரர் தம் பிள்ளை மேல் சத்தியம் செய்தார். யாரும் வாங்கவில்லை. கடைசியில், பக்கத்தில் நின்றிருந்த பேக்கரிக்காரரைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. தினம் இதைத்தானே நீங்களும் சாப்பிடறீங்க?"

"கீரையைப் பத்தி எனக்கு என்னப்பா தெரியும்" என்றார் பேக்கரிக்காரர்.

சொன்ன வாயை அன்றைக்கே அடுப்பில் வைத்துச் சுட்டிருக்கலாம். அடுப்பு காலியாகத்தான் இருந்தது. பன்னை நிறுத்திவிடவும் பார்த்தார். குஞ்சுகள் அவர் காலைச் சுற்றிக் கூப்பாடு போட்டன. அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிடுமே என்று வாயடைக்க ஆளுக்குக் கால் பன்னு கொடுத்தார். முன்பு பாசத்தில் போட்டது, இப்போது லஞ்சம்.

சிறகு மேலும் திரும்பிய பிறகு அக்கா கடைக்குட்டியைக் கூடையில் வைத்து மாட்டு டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனாள். கூடையைப் பிடிக்கத் தம்பி. டாக்டரம்மா சிறகை விரித்துப் பார்த்துவிட்டு, என்ன தீனி என்று கேட்டார். அக்கா புல்லில் ஆரம்பித்து மணல் வரைக்கும் ஒப்பித்தாள்.

"இவ்வளவு நல்லாப் பாக்கறீங்க. ஆனா இது ரொட்டி தின்ன சிறகு மாதிரில்ல இருக்கு. மாவுச்சத்து ஏறி உடம்பு வேகமா வளந்துடும். எலும்பு தாங்காம இறகு பாரத்துல திரும்பிக்கும்."

"எங்க வீட்டுல அந்தப் பேச்சுக்கே இடமில்ல டாக்டரம்மா. எந்தம்பி பேக்கரியில வேலை பாக்கறவன். ஒரு தூள் கொடுத்ததில்ல. வேணும்னா அவனையே கேளுங்க."

டாக்டரம்மா கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. கடைக்குட்டி கூடையிலிருந்து கழுத்தை நீட்டி, வழக்கமான இடம்தானே என்கிற தோரணையில் பேக்கரிக்காரரின் சட்டைப் பைக்குள் அலகை விட்டு, கால் பன்னை இழுத்து மேஜை மேல் போட்டு, எல்லோருக்கும் முன்னால் தின்னத் தொடங்கியது.

பேக்கரிக்காரர் தரையைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்க்கவில்லை, பன்னைத்தான் பார்த்தாள்.

"போன வாரமே கொண்டுவந்திருந்தா கட்டுப் போட்டே சரியாக்கியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "இப்பவும் கட்டலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

அக்கா திட்டுவாள் என்று வழி முழுக்கக் காத்திருந்தார். திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அந்தக் கீரைக்காரன் மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அவள் முழிக்கும் முன்பே பேக்கரிக்காரர் தெருமுனைக்குப் போனார். வண்டியைச் சுற்றி ஆள் சேரும் வரை நின்றார். பிறகு, கதைகள் சொல்லுகிற அதே உரத்த குரலில், கீரையில் குற்றமில்லை, குஞ்சுகளுக்குப் பன்னு போட்டது தாம்தான் என்றார். வழக்கம்போல் அளக்கிறார் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். அதனால் முதலிலிருந்து மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கீரைக்காரர் ஒரு கீரைக்கட்டு எடுத்துத் தண்ணீர் உதறிக் கொடுத்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே."

மற்ற நான்கும் புல்லுக்குத் திரும்பின. முதலில் பட்டினிப் போராட்டம் நடத்தி, பிறகு பட்டாணிக்கு இறங்கி வந்தன. நறுக்குகிற வேலை இப்போது பேக்கரிக்காரருடையது. கடைக்குட்டிக்கு அக்கா தைத்த துணிக்கட்டைப் பிரித்தபோது சிறகு நீட்டியபடியே நின்றது. அது பறக்காது. கழுத்து நிமிர்ந்த பெரிய வாத்தாகி, ஒற்றைச் சிறகை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். அதைப் பார்த்து, யாரோ கை காட்டி நிறுத்துகிறார்கள் என்று நினைத்து இரண்டு பஸ் நின்றுபோனது உண்மை.

தெருவில் போகிறவர்கள், "எதை அப்படிக் காட்டுது?" என்று அக்காவிடம் கேட்பார்கள். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

"என்னைத்தாங்க" என்பார் பேக்கரிக்காரர், கீரையை நறுக்கியபடி.