நன்றாக விழுந்தவள்

ரிட்சுகோ போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, வழக்கப்படி அவள் ஆடிய நிறுவன அணியின் ஜூடோ கூடத்தில் சக வீராங்கனைகள் எல்லோரும் வரிசை கட்டி நின்றார்கள். விடைபெறுகிறவள் ஒவ்வொருத்தியையும் ஒருமுறை தூக்கிப் போடவேண்டும். விழுந்தவள் எழுந்து, குனிந்து வணங்கி, மூக்கைச் சிந்திக்கொண்டே ஓரமாகப் போவாள். பதினாறு பேர் அப்படிப் போயாயிற்று. மிச்சம் நின்றவள் சிஹோ.

பன்னிரண்டு வருஷமாக சிஹோவுக்கு விழுவதுதான் வேலை. ரிட்சுகோவுக்குப் பயிற்சித் துணை அவள். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது விழுவாள். "வலிக்குதாடி?" என்று ரிட்சுகோ கேட்டால், "எங்கம்மா மெத்தையைத் தட்டுற தட்டுல பாதிகூட இல்லக்கா" என்பாள். பாரிஸ், தாஷ்கண்ட், புடாபெஸ்ட் என்று இருவரும் சுற்றாத ஊரில்லை. எந்த ஊரிலும் பார்த்ததென்னவோ விடுதித் தாழ்வாரமும் போட்டிக்கூடமும்தான். போட்டிக்கு முன் எடை பார்த்து முடிந்ததும், சிஹோ பெட்டியில் சுமந்து வந்த குக்கரில் சோறு பொங்குவாள். எடையைக் குறைக்க இரண்டு நாள் பட்டினி கிடந்த ரிட்சுகோ உப்பில் ஊறிய பிளம் பழத்தைப் பிட்டுப் போட்டு, ஆவி அடங்குமுன் வழித்துத் தின்பாள். "நீ இல்லேன்னா செத்தே போயிருப்பேன்டி" என்பாள். ஐயோ, அந்த வார்த்தைக்காக இன்னும் இருநூறு தடவை விழலாமே என்றிருக்கும் சிஹோவுக்கு. அந்த நாட்களைப் போல இனி எதுவும் வரப்போவதில்லை.

ஆனால் ஒன்றை சிஹோ மறைத்தாள். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, எதிராளியைத் தூக்கிப் போடும் தன் பேர்போன வீச்சுக்குள் ரிட்சுகோ நுழையும்போதெல்லாம் ஊன்றும் காலின் குதிகால் ஒரு நூலளவு முன்னதாகவே எழும்பியது. அதற்காகவே காத்திருந்து இடுப்பைத் திருப்பினால் அவளையே கவிழ்த்துவிடலாம். பார்வைக்குத் தெரியாத பிசகு; தினமும் விழுகிறவளுக்கு மட்டும் தெரிந்தது. சொன்னால் என்ன ஆகும்? பிசகைத் திருத்த, முட்டி மோதி எதிர்த்து நிற்கும் ஒரு பலசாலியைத் துணையாகப் போடுவார்கள். விமானத்தில் பக்கத்து இருக்கை போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டு அழகாக விழுந்தாள், அவ்வளவுதான். போன வருஷ உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஒரு பிரெஞ்சுக்காரி அந்தக் குதிகாலுக்காகவே காத்திருந்தாள். ரிட்சுகோ தரையைத் தொடுமுன்பே, மேலே பார்வையாளர் வரிசையில் சிஹோ கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போது இருவரும் வணங்கினார்கள். ரிட்சுகோ சிஹோவின் சட்டைக் கழுத்துப்பட்டியைப் பற்றி அருகில் இழுத்தாள்.

"இன்னைக்கு விழாதடி."

"அக்கா, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். அந்தப் பிரெஞ்சுக்காரி கண்டுபிடிச்ச என் குதிகால் விஷயம் உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

இந்தக் கேள்விக்குப் பயந்தே ஒரு வருஷமாகச் சரியாகத் தூங்கவில்லை சிஹோ. "நாலு வருஷமா."

"பாவி! நாலு வருஷமும் எனக்காக விழுந்தியா, உனக்காக விழுந்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "எனக்காகத்தான் அக்கா."

ரிட்சுகோவின் பிடி இறுகியது. "வா, பார்ப்போம்" என்று முழு பலத்தோடு உள்ளே பாய்ந்தாள். விடைபெறுகிறவளின் பாய்ச்சலாக அது இல்லை. குதிகால் எழும்பியது. துள்ளி விழப் பழகிய உடம்பை சிஹோ பல்லைக் கடித்து நிறுத்தினாள், இடுப்பைத் திருப்பினாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ரிட்சுகோவின் கால்கள் சிஹோவின் தலைக்கு மேலே போயின.

விழுந்த சத்தத்தில் கூடமே அதிர்ந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவள்கூட அப்படியே நின்றுவிட்டாள். ரிட்சுகோ மல்லாந்து கிடந்தாள். கண்ணோரம் நனைந்திருந்தது, வாய் சிரிப்பது போலவும் இருந்தது. அவள் தலை தரையில் இடிக்காதபடி அவளுடைய வலது சட்டைக்கையை சிஹோ இரண்டு கைகளாலும் மேலே இழுத்துப் பிடித்திருந்தாள். விடவில்லை. ரிட்சுகோவும் கையை உருவிக்கொள்ளவில்லை.