சேஷனின் பூர்ண அவகாசம்

பொன்முடி சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், பின்னோக்கி வந்த எஸ்டேட் ஜீப் ஒன்று ஸ்மிதாவின் காரை இடித்தது. பானெட் மடங்கியது, விளக்கு உடைந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி பட்டியலில் இருந்த ஒரு கேரேஜில் கார் படுத்துப் பதினேழு நாள் ஆகிறது. சர்வேயர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஸ்பானர்தான் இன்னும் படவில்லை.

ஸ்மிதா எஸ்டேட் பள்ளியில் டீச்சர். மலைக்குப் பஸ் குறைவு. இரண்டு முறை முதல் பீரியட் தவறிவிட்டது. இன்னொரு முறை தவறினால் மெமோ.

"ஆரியசாலை மைதீன் நாலே நாள்ல முடிச்சுத் தரேங்கறார்பா. எந்த வர்க்‌ஷாப்ங்கறது நம்ம உரிமை. பில்லை முதல்ல நாம கட்டணும், கம்பெனி அப்புறம் தரும். பாலிசியிலேயே போட்டிருக்கு."

கார் அப்பா சேஷன் பெயரில் இருந்தது. அவர் கையெழுத்தில்லாமல் வண்டி வெளியே வராது.

"போடி அசடு. அங்க சோபா போட்டிருக்கா. சாசரோட காப்பி குடுத்தா. மைதீன் கடையில உக்கார ஒரு டயர்தான் இருக்கு."

சேஷன் டெல்லியில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்றவர். மகளோடு பழவங்காடிக்கு வந்து ஒரு வருடம்தான். ஆனால் மலையாளம் தனக்கு முழுக்கத் தெரியும் என்பது அவர் தீர்மானம். "தமிழ்தானேடி. கொஞ்சம் மூக்கால பேசணும், அவ்வளவுதான்."

அன்று ஸ்மிதா அவரைக் கேரேஜுக்கே இழுத்துப் போனாள். மேனேஜர் ஜினு டை கட்டியிருந்தான். மேசை மேல் 'சிறந்த சேவை' கேடயம். வழங்கியதும் அதே கேரேஜ்தான்.

"சாரே, வண்டி வெளியே போயால் க்ளெய்ம் பணம் கிட்டில்லா. ரூல் ஆணு."

"எந்த ரூல்? எழுதித் தாங்க" என்றாள் ஸ்மிதா.

ஜினு பேனாவைத் தேட ஆரம்பித்தான். அது அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

காப்பி கொடுத்தவனை மகள் இப்படிக் கேட்பது சேஷனுக்குச் சங்கடமாகிவிட்டது. அவசரமில்லை, எனக்கு நிறைய நேரம் இருக்கிறது என்று நயமாகச் சொல்ல நினைத்தார். அதையும் மலையாளத்தில் சொல்ல நினைத்தார். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"மோனே, எனிக்கு பூர்ண அவகாசம் உண்டு!"

தமிழில் அவகாசம் என்றால் நேரம். மலையாளத்தில் உரிமை. எனக்கு முழு உரிமை உண்டு என்று ஒரு டெல்லி அதிகாரி எழுந்து நின்று, அதுவும் புன்னகையோடு சொன்னதும் ஜினுவின் கை தானாக டையைத் தளர்த்தியது.

"சாரே, கம்ப்ளெயின்ட் ஒன்னும் கொடுக்கல்லே. இஷ்டமுள்ள இடத்து கொண்டுபொய்க்கோ." புகார் மட்டும் வேண்டாமாம், வண்டியை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாமாம்.

இரண்டாவது காப்பியும் வண்டியை விடுவிக்கும் காகிதமும் ஒன்றாக வந்தன. நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவது சேஷனின் முப்பது வருடப் பழக்கம். போட்டார்.

"பாத்தியா? நயமா ஒரு வார்த்தை. மனுஷன் இறங்கி வந்துட்டான்."

ஸ்மிதா திருத்தவில்லை. அவளுக்குத் திங்கட்கிழமை முதல் பீரியட் இருந்தது.

ஞாயிறு மாலை சேஷன் ஆரியசாலையில் டயர் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் கண்ணாடி கிளாஸில் டீ. சாசர் இல்லை. எதிரே புது விளக்கோடு கார் பளபளத்தது. ஸ்மிதா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"பெயின்ட் காய இன்னும் ஒரு மணிக்கூர் ஆவும் சாரே. டீச்சர் அது வரைக்கும் தொட்டுராதிய" என்றான் மைதீன்.

சேஷன் பெருந்தன்மையோடு கையை உயர்த்தினார். "எனிக்கு பூர்ண அவகாசம் உண்டு."

மைதீன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"அதை நான் எப்ப சாரே இல்லைன்னேன்? வண்டி உங்க வண்டிதானே!"