சாரோபாட்டுக்கு ஒரு வாக்கியம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் கற்பனை இல்லை; என் தங்கையிடமிருந்து திருடியது. அவள் அழுதுகொண்டே சொன்னாள். நான் "அப்புறம்?" என்று கேட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'டெலிபோன் அலறியது. ரிசீவரை எடுத்தவளின் முகம் வெளுத்த...'

[அடித்துவிட்டேன். இருபது வருடத் தொடர்கதைப் பழக்கம். டெலிபோன் அலறவே இல்லை. அதுதான் பிரச்சினையே.]

2

தங்கைக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. மூன்றாவது மாடி, இரும்பு அலமாரிகள், இழுத்தால் கிறீச்சிடும் நீள இழுப்பறைகள். உள்ளே அட்டைகள். மேலே சொல், நடுவில் பொருள், கீழே எடுத்துக்காட்டு வாக்கியம். வாக்கியத்தை இட்டுக்கட்டக் கூடாது என்பது அங்கே கறாரான விதி. யாராவது எழுதியிருக்க வேண்டும், அல்லது பேசியிருக்க வேண்டும். பேசியது என்றால் பேசியவரின் கையெழுத்து வேண்டும்.

திங்கட்கிழமை முதன்மைப் பதிப்பாசிரியர் ஓர் அட்டையை ஆட்டிக் காட்டினார்.

"என்னம்மா இது? பன்னிரண்டு வருஷமா கையெழுத்தே இல்லாம தூங்குது?"

"சாரோபாட், சார்."

"சொல் தெரியுது. பேசினது யாரு?"

"என் பொண்ணு. அப்ப எட்டு வயசு."

"இப்ப இருபதாச்சுல்ல? வாங்கிடுங்க. வெள்ளிக்கிழமை 'ச' அச்சுக்குப் போகுது. இல்லைன்னா தூக்கிடுவேன். அவ்வளவு பெரிய மிருகம், இடமாவது மிச்சம்."

அட்டையில் இருந்தது இது:

*சாரோபாட் (பெ.): நீண்ட கழுத்தும் வாலும், சிறிய தலையும், தூண் போன்ற நான்கு கால்களும் கொண்ட, தாவரங்களைத் தின்று வாழ்ந்த ராட்சத டைனோசர் வகை. எல்லா டைனோசரையும் சாரோபாட் என்பது பிழை. எ-கா: "சாரோபாட் முட்டை போட்டுட்டுப் போயிடும். திரும்பி வராது. அதுக்கு நிறைய வேலை இருக்கும்."*

[இந்தச் சொல்லின் மூலப் பொருள் 'பல்லிக் கால்'. அந்த உடம்புக்குப் பல்லிக் கால்! பெயர் வைத்தவர் காலை மட்டும் பார்த்திருக்கிறார். என் தங்கை வாக்கியத்தை மட்டும் பார்த்தாள்.]

3

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம். தங்கை சாப்பாட்டு மேஜையில் அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தாள். எதிரே பெண், ரப்பர் சாரோபாட்டை மேஜையில் நடத்தியபடி அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"மறுபடி சொல்லு" என்றாள் தங்கை.

அம்மா கேட்கிறாள் என்று நினைத்த குழந்தை, முகம் மலர்ந்து மறுபடி சொன்னாள்.

தங்கை எழுதிக்கொண்டாள். தேதி போட்டாள். "அருமையான வாக்கியம்டி!" என்று திரும்பவும் அச்சுப்படிக்குள் குனிந்துவிட்டாள். அகராதிக்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த தவறு. முட்டை யார், போனது யார் என்று அவள் யோசித்தபோது பெண் அப்பாவோடு வேறு ஊருக்குப் போயிருந்தாள். மூன்று வருடமாக அம்மாவின் போனை எடுப்பதில்லை.

4

இங்கே நீங்கள் என்னை மடக்கலாம். வேறு வாக்கியமா கிடைக்காது? கிடைக்கும். தங்கையின் மேஜையிலேயே ஒரு சிறுவர் அறிவியல் பத்திரிகை கிடந்தது. ஐந்து நிமிட வேலை. அவள் அதை இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள்.

முதல் வரைவில் இதைக் கதையின் ஓட்டை என்று நினைத்து அடைத்தேன். ஓட்டை இல்லை. பெண்ணுக்குப் போன் பண்ண அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அலுவலக போனிலிருந்து கூப்பிட்டாள். தெரியாத எண். பெண் எடுத்துவிட்டாள்.

"ஹலோ, யாரு?"

"நான்தான்டி, அம்மா."

 பெண் போனை வைக்கவில்லை.

"ஆபீஸ் விஷயம். ஒரே ஒரு கையெழுத்து..."

[இந்த இடத்தில் 'எப்படி இருக்கே?' என்று மூன்று தடவை மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒட்டவே இல்லை.]

அட்டையை வாசித்துக் காட்டினாள்.

"அதையா எழுதி வச்சிருக்கே?" பெண் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "அன்னிக்கு ஸ்கூல் நாடகம். நான்தான் சாரோபாட். நீ வரலை. உன்னைத்தாம்மா சொன்னேன்."

"தெரியும்டி."

"எப்ப தெரியும்?"

தங்கை அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"சரி, போடறேன்" என்றாள் பெண், கொஞ்சம் இறங்கி. "தபால்ல அனுப்பாதே. நீயே எடுத்துட்டு வா. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு."

"வெள்ளிக்கிழமை 'ச' அச்சுக்குப் போகுதுடி, நான் இருந்தே ஆகணும்..."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது.

"ஆமா. நிறைய வேலை இருக்கும்" என்று பெண் போனை வைத்துவிட்டாள்.

5

முடிவு ஒன்று: பத்திரிகையிலிருந்து ஒரு வாக்கியத்தை ஒட்டுகிறாள். 'சாரோபாட்கள் இலைகளைத் தின்றன.' சொல் பிழைத்துவிடுகிறது.

முடிவு இரண்டு: சொல் போனால் போகட்டும் என்று வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறாள். இனிமேல் கையெழுத்தால் பயனில்லை, கையில் சாக்கும் இல்லை. மணியை அழுத்துகிறாள். கதவைத் திறந்த பெண்

[நிறுத்திவிட்டேன். அந்தக் கதவைத் திறக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது?]

6

இன்று வியாழன். சற்று முன்புவரை தங்கை என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"நான் என்னண்ணா பண்ணட்டும்?"

"அவ கடைசியா என்ன சொன்னா? மறுபடி சொல்லு" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பேனா திறந்திருந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பையை எடுத்தாள். வாசலில் நின்று, "தேதி போட்டுக்கோ" என்றாள்.

போட்டுவிட்டேன்.

நாளை அவள் எங்கே போகிறாள் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டால் எழுதிவிடுவேன்.