ஒலக்கூர்க் குளவி

என் மஞ்சள் கிண்ணங்களை மிதித்து நொறுக்கிய கண்ணையனைக்கூட மன்னித்துவிட்டேன். மாசிலாமணி சாரை மன்னிக்க மாட்டேன்.

அவர் என் ஆராய்ச்சி வழிகாட்டி. புழுவுக்குள் முட்டையிட்டு, புழுவைத் தின்றே வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளில் ஒரு பேரினத்தை வகைப்படுத்திப் பேர் வாங்கியவர். அது மலைக்காட்டை விட்டு இறங்காது என்று அவர் புத்தகம் சொல்கிறது. அதில் ஒன்றை நான் ஒலக்கூரில், மல்லாட்டை என்று இங்கே சொல்கிற வேர்க்கடலைக் கொல்லையில் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"ஊர் எழுதின லேபிளை மாத்திக் குத்தியிருப்பே ரிஸ்வானா. இன்னொண்ணு கொண்டா, பார்க்கலாம்."

கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து வெயிலில் வேகிற நான் லேபிளை மாற்றிக் குத்துவேனாம்!

கொல்லைக்காரர் கண்ணையனின் மனைவி முனியம்மாளிடம் கேட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றிய மஞ்சள் கிண்ணங்களை மறுபடி வரப்பில் வைத்தேன். மஞ்சள் நிறத்துக்குப் பூச்சி வந்து விழும். மறுநாள் போனால் எல்லாம் சில்லுச் சில்லாகக் கிடந்தன. பக்கத்தில் கண்ணையன் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"பங்காளி வெச்ச சூனியம்மா. வரப்புல மஞ்சத் தண்ணி வெச்சிருந்தா வேற இன்னாவாம்?"

"ஐயா, அது நான் வெச்சது! உங்க வீட்டம்மாகிட்ட கேட்டுத்தான் வெச்சேன்!" என்று கத்தினேன். இந்தக் குளவி இங்கே கிடையாது என்று சார் அடித்துச் சொல்வதையும் கொட்டித் தீர்த்தேன்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னைவிட அதிகமாகக் கொதித்தார். "என் கொல்லையில இல்லேன்னு சொல்ல அவரு யாரும்மா? வந்து பாத்துக்கினு போனாரா?"

இரண்டு பேரும் குனிந்து, சுருள்பூச்சிப் புழு மடித்த இலைகளாகப் பார்த்துப் பறித்தோம். துணி கட்டிய பாட்டிலில் போட்டு வைத்தேன். சில நாளில் ஒரு புழுவிலிருந்து அதே குளவி வெளியே வந்தது.

சார் வெகுநேரம் லென்ஸில் பார்த்தார்.

"அதேதான். இடம் மட்டும் பெருமுக்கல் மலைன்னு எழுதிடு. பக்கந்தானே? என் புத்தகமும் தப்பாகாது, உன் பேப்பரும் ஜல்தியா வந்துடும்."

"நான் அந்த மலை ஏறினதே இல்ல சார்."

"தீசிஸ்ல என் கையெழுத்து வேணும்ல?"

மலை என்று எழுதிவிட்டால் இந்தக் குளவியைத் தேடி இனி எவரும் கொல்லையில் குனிய மாட்டார்கள். சுருள்பூச்சிக்கு மருந்தடிக்கிற கண்ணையன், தனக்காக வேலை செய்யும் குளவியையும் சேர்த்துக் கொல்வார். சாரின் புத்தகம் மட்டும் அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

அவர் எதிரிலேயே லேபிள் எழுதினேன்: ஒலக்கூர், மல்லாட்டைக் கொல்லை. குளவிக்குக் கீழே ஊசியில் குத்தினேன்.

"என் பட்டம் நின்னா நிக்கட்டும் சார். இது மலை ஏறாது."

கையெழுத்து இன்னும் வரவில்லை. வராமலே போனாலும் குளவிக்கு ஊர் ஒலக்கூர்தான்.