இரண்டு விரல் இழுப்பு

திங்கட்கிழமை வேல்விழி மறைமலை நகரில் புது வேலையில் சேர வேண்டும். லைன் சூப்பர்வைசர். ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடம் நின்றபடியே வேலை பார்த்தவளுக்கு முதல்முறையாக ஒரு லைன் கைக்கு வருகிறது. புதுக் கம்பெனியின் பஸ் அவள் குடியிருக்கும் பிள்ளைப்பாக்கம் பக்கம் வராது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போக அவளுக்கு இருந்த ஒரே வழி வீட்டிலிருந்த பதினெட்டு வருடத்துப் பழைய கார். இரண்டு மாதமாக அது நினைத்தால் ஓடியது, நினைத்தால் திக்கியது.

போன வாரம் ஒரகடம் கூட்டு ரோட்டருகே, இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், இன்ஜின் ஒரு கணம் மூச்சை விட்டு மறுபடி பிடித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் காசிராஜன் டாஷ்போர்டை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் பேச்சு குறைவானவன். கிடங்கில் சரக்குப் பார்க்கும் நேரம் போக மீதி நேரம் புத்தகமும் கையுமாக இருப்பவன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"இந்த வண்டிய நம்பி ஒன்னய அனுப்ப முடியாது. அந்த வேலையே வேண்டாம்ட்டி."

"வேல மேல என்னத்துக்குக் கோவம்? திக்குறது வண்டிதான?" என்றாள் அவள்.

ஞாயிறு காலை வல்லம் போகும் வழியிலுள்ள கோதண்டத்தின் ஷெட்டில் காரை நிறுத்தினார்கள். பிளக், பெட்ரோல் பில்டர், பம்ப் என்று வரிசையாக மாற்றி ஓய்ந்திருந்தார் அந்த மெக்கானிக்.

"சவுண்டு கேளும்மா, இன்னா நைசா கீது! என் கையில ஒயுங்கா ஓடுது, உங்க வூட்டாண்ட போனா வேலைய காட்டுது. ராசியில்லாத வண்டி. வித்துடுங்க."

வேல்விழி கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "கம்பெனியில கொற வந்தா சீட்டு போடுவோம்லா, அது மாதிரி எழுதி வச்சேண்ணே."

"இன்னாது, ரேஷன் கார்டா?"

பன்னிரண்டு நாளில் ஏழு தடவை திக்கியிருந்தது. எந்த ரோடு, எத்தனை நிமிடம் ஓடிய பிறகு, மேடா பள்ளமா, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். அதில் நாலு தடவை காசிராஜன் அவள் பக்கத்தில்தான் இருந்திருக்கிறான். அவன் மனதில் தங்கியிருந்ததோ பயம் மட்டும்.

"ஏழு தடவையும் இன்ஜின் நல்லா சூடான பொறவு. ஏழு தடவையும் குண்டு குழி, இல்லன்னா ஸ்பீடு பிரேக்கர். பெட்ரோல் பத்தலன்னா ஏத்தத்துல திக்கணும். பாலத்துல ஒருக்காகூட திக்கல. எங்கயோ ஒரு ஒயர் விட்டு விட்டுப் பிடிக்குதுண்ணே."

"ஒயரெல்லாம் ஆட்டிப் பாத்துட்டேன்மா. கல்லு மாதிரி கீது."

"சாக்கெட்ட ஆட்டிருப்பீங்க. ஒத்த ஒத்த ஒயரா இழுத்துப் பாக்கட்டா?"

அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வந்து, இன்ஜின் ஓட ஓடவே பானட்டைத் திறந்தார்கள். வேல்விழி வளையல்களைக் கழற்றி காசிராஜன் கையில் கொடுத்தாள். துப்பட்டாவை முதுகுக்குப் பின்னால் இறுக முடிந்துகொண்டாள்.

எட்டு வருடமாக அவன் அறிந்த கைகள். மாவு பிசையும், தலை பின்னும், ஷிப்டு முடிந்து வந்தால் சோற்றுத் தட்டிலேயே அசந்துபோகும். அவை கம்பெனி வேலை செய்து அவன் பார்த்ததில்லை. கம்பெனி கேட்டுக்கு உள்ளே அவனுக்கு ஏது இடம்? இப்போது பார்த்தான். அவள் ஒயர்களைப் பார்க்கவே இல்லை. கண் சுவரில் எங்கோ நிலைத்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓர் ஒயரைப் பிடித்தன, மெல்ல இழுத்தன, விட்டன. அடுத்தது. அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. ஒவ்வொரு இழுப்பிலும் அதே அளவு பலம். தராசில் நிறுத்தாலும் நூலளவு மாறாது என்று தோன்றியது.

"இன்னாம்மா, பால் கறக்குற மாதிரி கீது!" கோதண்டம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கியர் பாக்ஸ் பக்கம், அடியில் இருந்த ஓர் ஒயரை இழுத்தபோது இன்ஜின் இருமியது. விட்டாள், சீரானது. மறுபடி இழுத்தாள், மறுபடி இருமியது.

"நிறுத்துங்கண்ணே."

இன்ஜின் சுற்றுவதைக் கண்டு சொல்லும் சென்சாருக்குப் போகிற ஒயர் அது. சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினாள். மூன்று பின்களில் இரண்டு ஒரே மட்டத்தில் இருந்தன. ஒன்று மட்டும் அரை அரிசி அளவுக்கு உள்வாங்கியிருந்தது.

"சாக்கெட்டு பூட்டிருக்கு. உள்ள இந்தப் பின்னு பூட்டல."

"அது கம்பெனில போட்டதும்மா. நான் கைய வெக்கவே இல்ல."

"கம்பெனியிலதாண்ணே விட்டுருக்கு. இந்தப் பின்ன உள்ள தள்ளுனா டக்குன்னு ஒரு சத்தம் வரணும். லைன்ல ஒரே இரைச்சலா இருக்கும். ஓவர்டைம் பாத்து அசந்து நிக்கையில, பக்கத்துப் பிள்ள தள்ளுன சத்தத்த நம்ம சத்தம்னு நெனச்சி அடுத்ததுக்குப் போயிருவோம். நானும் மொத வருசம் மூணு தடவ மாட்டிருக்கேன். அதுல இருந்து காத நம்புறதில்ல. வெரலுதான்."

"இத்தினி வருசம் எப்டி ஓடிச்சு?"

"இறுக்கமா நின்னுருக்கும். ஆடி ஆடி இப்பத்தான் பின்னால வந்துருக்கு."

அவள் குரலில் கோபமே இல்லை. பதினெட்டு வருடத்துக்கு முன் எங்கோ ஒரு லைனில் கால் கடுக்க நின்ற, பெயர் தெரியாத ஒருத்தியைப் பற்றி, பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்வதுபோல அவள் பேசினாள். காசிராஜன் வளையல்களைப் பிடித்தபடி நின்றான்.

மெல்லிய திருப்புளியால் அவள் பின்னை உள்ளே தள்ளினாள். ரோட்டு இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. "பூட்டு விழுந்துட்டு," என்றாள். இழுத்துப் பார்த்தாள். கோதண்டமும் வாங்கி இழுத்தார். அசையவில்லை.

"ரெண்டு மாசமா பெட்ரோல்லயே தேடிக்கினு இருந்தேன்," என்று தலையைச் சொறிந்தார். "யம்மா, மறைமலை நகர் எதுக்கு? இங்கயே வந்துடேன்."

"உங்க ஷெட்டுல ஃபேன்கூட இல்லையேண்ணே."

காசிராஜன் சாவிக்குக் கை நீட்டினான். "சரியாயிட்டுல்லா, வீட்டுக்குப் போவோம்."

"சரியாயிட்டான்னு இனிமேத்தான் தெரியும்," என்று அவளே ஏறி உட்கார்ந்தாள்.

லாரிகள் அரைத்துப்போட்ட வல்லம் வடகால் ரோடுகளில் முக்கால் மணி நேரம் ஓட்டினாள். ஒரு வேகத்தடையில் அவன் தலை கூரையில் இடித்தது.

"மெள்ளப் போயேன்ட்டி!"

"மெள்ளப் போனா வண்டி எப்படி உண்மையச் சொல்லும்?"

கார் ஒருமுறைகூடத் திக்கவில்லை. அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி, மறைமலை நகரில் புதுக் கம்பெனியின் கேட் முன்னால் போய் நிறுத்தினாள். செக்யூரிட்டி எழுந்து வந்தார்.

"இன்னிக்கு லீவும்மா."

"நாளைக்கு வேலைல சேருதேண்ணே. வண்டி எங்க விடணும்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"டூ வீலர்லாம் அந்தாண்ட."

"காருண்ணே."

அவர் அந்தப் பழைய காரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் காசிராஜனிடம் குனிந்தார். "நீங்கதான் டெய்லி கொண்டாந்து வுடுவீங்களா சார்?"

"இல்ல," என்றான் காசிராஜன். "அவளே ஓட்டிட்டு வருவா."